பாவாடை செய்த மணக்கும் நடைவண்டி

கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, கோமுகி வாய்க்கால் ஒரு வளைவு வளைந்து கரும்புத் தோட்டங்களுக்குள் நுழையும் இடத்தில் பதினாறு வீடுகள் கொண்ட ஒரு தெரு இருக்கிறது. அதன் கடைசி வீடு பாவாடையுடையது. பாவாடைராயன் சாமிக்கு நேர்ந்து பிறந்ததால் அந்தப் பெயர். ஆள் ஆறடி. கரும்பு வெட்டும் கூலி. ஒரு கட்டுக் கரும்பை ஒற்றைக் கையால் தூக்கி லாரிக்குள் எறிவான். ஒருதரம் அது லாரியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்ததாகச் சொல்வார்கள். கட்டு விழுந்ததை நான் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டேன். இப்பேர்ப்பட்ட உடம்புக்குள் முயலின் நெஞ்சை வைத்துத் தைத்தது யார் என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை.

அவனுக்கு இருட்டு பயம், இடி பயம், வாத்து பயம். எல்லாவற்றுக்கும் மேலே காக்கித் துணி. மணியார்டர் கொண்டுவந்த தபால்காரரைப் பார்த்துவிட்டு ஒருநாள் தென்னை மரத்தில் ஏறிவிட்டான். அவன் வீட்டில் தென்னை கிடையாது. அடுத்த தெரு வரைக்கும் ஓடிப்போய் ஏறினான். கடைசியில் தபால்காரர் மரத்தடிக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பனியனோடு நின்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். ஆனால் அந்தப் பயம் வந்த கதையைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. பாவாடைக்கு ஒன்பது வயதில் அவன் அப்பன் பிச்சைமுத்துவை இரண்டு காக்கிச் சட்டைக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. "ஒண்ணும் இல்லப்பா, வந்து ஒரு கைநாட்டு வச்சிட்டுப் போ" என்றுதான் சொன்னார்கள். பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அவர்கள் தேடியது வேறொரு பிச்சைமுத்து. வந்தவர் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. யாராவது செருப்புச் சத்தத்தோடு வந்தால் எழுந்து வீட்டு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். மகன் அதைப் பார்த்து வளர்ந்தவன்.

அந்தப் பயம் பாவாடை செய்த சாமான்களிலும் தெரியும். தச்சு வேலை அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஓர் உளி, பல் விழுந்த ரம்பம், கரும்பு வெட்டும் கத்தி, இவ்வளவுதான் ஆயுதம். வெட்டு இல்லாத நாட்களில் வீட்டுக்கு வேண்டியதைத் தானே செய்வான். கடையில் வாங்கினால் உடைந்து, பெண்டாட்டி விழுந்து, இடுப்பு ஒடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ்ஸும் கவிழ்ந்துவிடும் என்பது அவன் கணக்கு. அதனால் அவன் செய்த கட்டிலுக்கு ஆறு கால். ஓர் ஆணி போதும் என்கிற இடத்தில் ஏழு ஆணி. கோழிக்கூட்டுக்கு வெளியே இரண்டு தாழ்ப்பாள், உள்ளே ஒன்று. உள்தாழ்ப்பாளைக் கோழிதான் போட்டுக்கொள்ள வேண்டும். வேப்ப மரத்தில் கட்டிய ஊஞ்சல் தரையிலிருந்து ஒரு சாண் உயரம். ஆடுகிறவர்கள் முழங்காலைத் தாடைக்குக் கொண்டுவந்தால்தான் ஆட முடியும். கொல்லைப் பக்கம் மூங்கிலால் ஒரு வேலி அடைத்திருந்தான். அதில் வைத்த படலுக்கு மூன்று கொக்கி. யானை வந்தாலும் நின்று யோசித்துவிட்டுத்தான் போகும்.

"மத்தவ வூட்டு ஆம்பள கட்டிலு செஞ்சா நாலு காலு" என்பாள் அவன் மனைவி செவ்வந்தி. "என் வூட்டுக்காரன் செஞ்சா அது பூரானு."

சொல்வாளே தவிர, அவள் படுப்பது அந்தக் கட்டிலில்தான். அசையாது, கிரீச்சிடாது. இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய், மூன்றாவதாகக் கண்ணகி பிறந்ததும் அதே கட்டிலில்தான்.

கண்ணகிக்கு இரண்டரை வயது ஆயிற்று. வாய் பேசினாள், சண்டை போட்டாள், எதிர்வீட்டுக் கோழிக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டாள். நடக்க மட்டும் இல்லை. கையைப் பிடித்தால் நிற்பாள். விட்டால், விட்ட அந்த நொடியே பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். ஆற்று மணலில் குழி பறித்து இடுப்பு வரைக்கும் புதைத்து நிற்க வைத்தார்கள். மணலில் அழகாக நின்றாள். எடுத்து வெளியே விட்டதும் உட்கார்ந்தாள். கள்ளக்குறிச்சியில் டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், முழங்காலை மடக்கிப் பார்த்தார். "எலும்புல ஒரு குறையும் இல்ல. பயப்படுது, அவ்வளவுதான். நடக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

அதைக் கேட்டு எதிர்வீட்டு இட்லிக் கடை தைலம்மாள் ஒரு வார்த்தை சொன்னாள். அவள் வாய்க்குக் கெட்ட எண்ணம் கிடையாது; கதவும் கிடையாது.

"அதான பாத்தேன். அப்பன் பயம் பொண்ணு காலுல எறங்கிடிச்சி."

மற்ற பயங்களையெல்லாம் பாவாடை வாய்விட்டு அலறித் தீர்த்துக்கொள்வான். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தன் அப்பன் சுவரைப் பார்த்து நின்றதைப் பார்த்துத் தனக்கு வந்த வியாதி, தன்னைப் பார்த்துக் குழந்தைக்கும் வந்துவிட்டது என்று நம்பினான். அதற்கப்புறம் குழந்தைக்கு எதிரே இடி இடித்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தே குழந்தை அழும்.

கடைசியில், நடைவண்டி ஒன்று செய்துவிடுவது என்று உட்கார்ந்தான்.

மரம் கையில் இருந்தது. முந்தின வருஷம், எண்பத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி மழையில், கல்வராயன் மலையிலிருந்து வெள்ளம் இறங்கியபோது வந்த கட்டை. வெள்ளத்தில் வரும் மரத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் இறங்கி அதில் தன் துண்டைக் கட்டுகிறார்களோ மரம் அவர்களுக்கு. கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிக்கூட வரலாம், யாரும் தொட மாட்டார்கள். தண்ணீருக்கும் பயப்படுகிற பாவாடை, மற்றவர்கள் நடு ஆற்றில் குதித்துப் பெரிய மரங்களைப் பிடித்த பிறகு, கரையோரம் ஒதுங்கிய ஒரு கட்டைக்கு முழங்கால் தண்ணீரில் நின்று துண்டைக் கட்டினான். தொடைப் பருமன், நாலடி நீளம், பட்டையெல்லாம் உரிந்து சாம்பல் பூத்திருந்தது. என்ன மரம் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு வருஷம் கூரைமேல் கிடந்து காய்ந்தது.

அதைப் பிளந்த அன்றைக்குத்தான் வினை ஆரம்பித்தது. உள்ளே வைரம் பாய்ந்து செக்கச்சிவந்த கட்டை. அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பி வீட்டை நிறைத்தது. செவ்வந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, ஊதுவத்தி கொளுத்திக்கினு வேல செய்யிற?"

"கட்டைதான்டி மணக்குது. மோந்து பாரு."

மோந்து பார்த்துவிட்டு அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நல்ல சகுனம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மூன்று சக்கரம் வைக்க வேண்டிய நடைவண்டிக்குப் பாவாடை ஐந்து சக்கரம் வைத்தான். வேகமாக ஓடிவிடக்கூடாது என்று பின்னால் ஒரு கயிறு கட்டித் தன் கையில் சுற்றிக்கொண்டான். கண்ணகியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்தாள். குனிந்து மோந்தாள். நாக்கால் ஒரு தரம் நக்கியும் பார்த்தாள். பிறகு தள்ளினாள். வண்டி நகர்ந்தது, கால் பின்னாலேயே போனது. ஒன்று, இரண்டு, மூன்று. வாசலில் மூன்று அடி நடந்துவிட்டு, பெரிய காரியம் முடித்த மாதிரி "பாத்தியா" என்றாள். பாவாடை கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான்.

அந்த வாரம் சந்தைக்குப் போனவன் வெறும் பையோடு ஓடி வந்தான்.

"செவ்வந்தி, கதவ சாத்து."

"இன்னாய்யா ஆச்சு?"

"சந்தையில ஜீப்பு நிக்குது. ஒலிபெருக்கியில சொல்லிக்கினே போறான். சந்தனக்கட்ட வூட்டுல வச்சிருந்தா கேஸாம். சொந்தக் கொல்லையில மொளச்சாலும் அது கவர்மெண்டுதாம். ஒரு துண்டு இருந்தாலும் உள்ள வச்சிருவாங்களாம்."

செவ்வந்தி வாசலைப் பார்த்தாள். வாசலில் கண்ணகி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இது சந்தனமா?"

"மலையிலேர்ந்து வந்துது. மணக்குது. வேற இன்னாவாம்?"

அந்தத் தெருவில் யாருக்கும் சந்தனம் தெரியாமல் இல்லை. கோயிலில் வாங்கி நெற்றியில் இட்டிருக்கிறார்கள், கல்யாணத்தில் கழுத்தில் பூசியிருக்கிறார்கள். மரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் ஒருவரும் இல்லை. ஆகவே மணக்கிற கட்டை சந்தனக்கட்டை என்று முடிவாயிற்று.

கரும்புத் தோட்டத்தில் கதைகள் வேறு கிளம்பின. தியாகதுருகத்தில் ஒருவன் கல்யாண வீட்டுச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு பஸ் ஏறினானாம், இறக்கிக் கொண்டுபோய்விட்டார்களாம். "பூசுனவனுக்கு ஆறு மாசம், தடவி வுட்டவனுக்கு ஒரு வருசமாம்" என்று ஒருவன் சொன்னான். வண்டி செய்தவனுக்கு எவ்வளவு என்று கேட்கப் பாவாடைக்கு வாய் வரவில்லை.

அன்றே வண்டியை எடுத்துப் பரணில் ஒளித்தான். கண்ணகி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. இருட்டுப் பயத்தில் இரவோடு இரவாக முடியாது என்பதால் மறுநாள் பகல் முழுக்க வேலை செய்து வேப்பங்கட்டையில் அதேபோல் ஒரு வண்டி செய்தான்; அதே ஐந்து சக்கரம், அதே கைப்பிடி. குழந்தை அதைப் பிடித்தாள், மோந்தாள், கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று நாள் வற்புறுத்தினார்கள். நான்காம் நாள் தவழவும் மறுத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பரணையே பார்த்தாள்.

"எடுத்துக் குடுய்யா" என்றாள் செவ்வந்தி.

"ஜெயிலுக்குப் போயிருவேன்டி."

"அது நடக்காம இப்படியே குந்திக்கினே இருந்துதுன்னா? அது வேற ஜெயிலு இல்லியா?"

வண்டி இறங்கியது. கண்ணகி எழுந்தாள். அதற்கு மறுநாள்தான் இட்லிக் கடையை ஒட்டிய அறைக்குப் புதிதாக ஒருவர் குடி வந்தார். பெட்டியை இறக்கி, சட்டையை உதறிக் கொடியில் போட்டார். காக்கி. பெயர் சுப்புராயன், ஃபாரஸ்ட் கார்டு. கொடிக்கும் பாவாடை வீட்டு வாசலுக்கும் நடுவே இருபது அடி.

அன்றைக்குத் தென்னை மரத்துக்கு ஓடியிருப்பான். ஆனால் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் பின்னோக்கி நடந்துபோய், ஆறு கால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான்.

வாசனையை மறைக்க அவர்கள் பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு புராணம் ஆகும். வண்டிக்கு வேப்பெண்ணெய் தடவினார்கள். வெயில் பட்டதும் வேப்பெண்ணெயையும் மீறிக்கொண்டு மணம் வந்தது. லாரியிலிருந்து கழிவு எண்ணெய் வாங்கி வந்து பூசினான். லாரிக்காரன் வீட்டுப் பூஜை அறை மாதிரி ஆயிற்று. செவ்வந்தி தினமும் கருவாடு வறுத்தாள். பதினைந்து நாளில் ஊர்ப் பூனைகள் மொத்தமும் அவர்கள் கூரையில் குடியேறின. தியாகதுருகத்திலிருந்து இரண்டு பூனைகள் பஸ்ஸில் வந்து இறங்கியதாகக்கூடப் பேச்சு. எதற்கும் வாசனை அடங்கவில்லை. வண்டியைப் பிடித்துப் பிடித்துக் குழந்தையின் கையும் மணத்தது, கை பட்ட கன்னமும் மணத்தது.

தைலம்மாள் ஒருநாள் கண்ணகியைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏண்டி செவ்வந்தி, புள்ளைக்கு இன்னா போட்டுக் குளிப்பாட்டுற? அம்மன் கோயிலத் தூக்கி வச்சிக்கினு இருக்கற மாதிரி இருக்குது."

செவ்வந்தி குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "சோப்புக்கா. சந்தன சோப்பு."

"பாருடி! கரும்பு வெட்டறவன் வூட்டுல சந்தன சோப்பு. அப்ப பெருமாளு சாமி வூட்டுல இன்னாத்தப் போடுவாங்க?"

சொன்ன பொய்க்குச் சோப்பு வாங்க வேண்டியதாயிற்று. குழந்தை மட்டும் மணத்தால் சந்தேகம் வரும் என்று மூவரும் தேய்த்துக் குளித்தார்கள். பாவாடை கரும்பு வெட்டப் போனால் நாலு வரிசைக்கு முன்னாலேயே வாசனை போனது.

"இன்னா மாப்ள, பொண்ணு பாக்கப் போறியா?" என்றான் ஒருவன்.

"வாயப் பொத்துடா. அவரு வெட்டுனா கரும்புச் சாறு பன்னீரா வருது" என்றான் இன்னொருவன்.

அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவனுக்கு வேர்த்தது. வேர்க்க வேர்க்க இன்னும் மணத்தது. இளைத்துப்போனான். சோற்றில் கை வைத்தால் எதிர்வீட்டுக் கதவுச் சத்தம் கேட்கும், கை நின்றுவிடும். செவ்வந்தியும் தூங்குவதில்லை. அவன் போய்விட்டால் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விட்டத்தைப் பார்த்துக் கிடப்பாள். வீட்டில் பயமில்லாமல் இருந்தது ஒரே ஆள். அவள் தினமும் காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்றடி, ஐந்தடி, எட்டடி என்று போய்க்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் ஒரு காலை, தைலம்மாள் சட்னி அரைத்துக்கொண்டே தெருவுக்குக் குறுக்கே கத்தினாள்.

"செவ்வந்தி! நேத்து கார்டு சார் கேட்டாருடி. 'ஏம்மா, இந்தத் தெருவுல எங்கியாவது கோயிலு இருக்குதா, வாசன வருதே'ன்னாரு. நான்தான் சொன்னேன், கோயிலு இல்ல சார், செவ்வந்தி வூட்டு சோப்புன்னு."

"சிரிச்சாராக்கா?"

"சிரிக்கலியே. மூக்க இப்படி வச்சிக்கினு உங்க வூட்டப் பாத்தாரு."

உள்ளே இதைக் கேட்ட பாவாடை குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். வண்டி செய்தது போக மிச்சக் கட்டை அங்கேதான் கிடந்தது. வண்டியைக் குழந்தையிடமிருந்து பிடுங்க முடியாது. மிச்சத்தையாவது இல்லாமல் ஆக்கிவிடலாம். புதைத்தால் நாய் தோண்டும். வாய்க்காலில் விட்டால் யாராவது துண்டைக் கட்டுவார்கள். யோசித்து யோசித்து, உலகத்திலேயே பயந்தவனுக்கு மட்டும் தோன்றக்கூடிய ஒரு வழி அவனுக்குத் தோன்றியது. கட்டையை அடுப்பில் வைத்துக் கொளுத்தினான்.

புகை முதலில் கூரை வழியாகக் கசிந்தது. பிறகு தெருவில் இறங்கியது. அது வாய்க்காலைத் தாண்டி, வயலைத் தாண்டி, கல்வராயன் மலைமேல் ஏறி, அங்கே ஆடு மேய்த்தவர்கள் அடிவாரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள் என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம். தெருக்கோடி வரைக்கும் போனது, அதை நம்பலாம். அரிசி புடைத்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். இட்லிக் கடை வாசலில் ஏழாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த சுப்புராயன், கையில் சட்னியோடு எழுந்து நின்றார். மூக்கை மேலே தூக்கினார். தெருவைக் கடந்து நேரே வந்தார்.

"யாருய்யா உள்ள?"

பாவாடை கொல்லைப் பக்கம் பாய்ந்தான். படலுக்கு மூன்று கொக்கி. முதல் கொக்கியைக் கழற்றினான். இரண்டாவது நழுவி நழுவிக் கழன்றது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. மூன்றாவது கொக்கிக்கு ஏழு ஆணி அடித்து வைத்திருந்தான், இறுகிப்போய் வரவேயில்லை. முழுப் படலையும் வேரோடு பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினான். பத்து ஏக்கர் கரும்பு, ஆள் உயரத்துக்கு மேலே; தோட்டத்துக்காரர் தங்கதுரை மறுவாரம்தான் வெட்டுவதாக இருந்தார். படலை வரப்பில் போட்டுவிட்டு உள்ளே புகுந்துவிட்டான். ஒரு நிமிஷம் கரும்பின் சோகை இலை ஆடியது. அப்புறம் அதுவும் ஆடவில்லை.

வீட்டுக்குள் செவ்வந்தி குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, நடைவண்டிக்கு முன்னால் நின்றாள்.  

"உள்ள வைக்கறதுன்னா எங்க மூணு பேரையும் மொத்தமா வச்சிரு சார். புள்ள வண்டிய மட்டும் எடுக்காத."

சுப்புராயன் அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்தார். தண்ணீர் ஊற்றி அணைத்தார். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துச் சுரண்டினார். மோந்து பார்த்தார். செவ்வந்தி பக்கம் திரும்பினார்.

"இத இன்னான்னு நெனச்சீங்க?"

 அதற்குள் தெருவே வாசலில் நின்றது. தைலம்மாள் கரண்டியோடு முன்னால் இருந்தாள்.

"சந்தனம்னு நெனச்சீங்களா?" என்றார் சுப்புராயன். "அடக் கடவுளே. சந்தனம் மஞ்சளா இருக்கும்மா. இது செவப்பு. தேவதாரம். மலை மேல பாறைக்கு நடுவுல பொதர் மாதிரி மொளைக்கும். ஊர ஏமாத்துறவன் இதத்தான் சந்தனம்னு சொல்லி விப்பான். நீங்க உங்களையே ஏமாத்திக்கினு இருந்திருக்கீங்க."

"வெள்ளத்துல வந்த கட்ட சார் அது. அப்ப கேஸு?" என்றாள் தைலம்மாள்.

"வெள்ளத்துல வந்த கட்டைக்கு இன்னாம்மா கேஸு? அந்த ஆள வந்து தைரியமா சோறு துன்னச் சொல்லுங்க."

செவ்வந்தி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

தெரு முழுக்கக் கரும்பங்காட்டு வரப்புக்குப் போய்ச் சத்தம் போட்டது. "டேய் பாவாட! சந்தனம் இல்லடா! வெளிய வா!" "கார்டு சாரே சொல்லிட்டாருடா, ஒண்ணும் இல்லியாம்!" உள்ளே ஒரு சருகுகூட அசையவில்லை. தைலம்மாள் சுப்புராயனின் முழங்கையைப் பிடித்து இழுத்துவந்தாள். "உன்னப் பாத்துதான ஓடுனான், நீயே கூப்டு சார்."

சுப்புராயன் வாயில் கைவைத்துக் கூப்பிட்டார். "யோவ், ஒண்ணும் இல்லய்யா! சும்மா வாய்யா!"

சோகை ஆடியது, இன்னும் உள்ளே, இன்னும் தூரமாக.

ஒன்றும் இல்லை, சும்மா வா. அப்பனைக் கூப்பிட்டதும் அப்படித்தான். பாவாடை கரும்புக்குள் குந்தி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பதினோரு நாளை எண்ணிக்கொண்டிருந்தானாம். சோகை கிழித்து முகமெல்லாம் ரத்தம். காலடியில் ஏதோ ஊர்ந்து போனது. பாம்பாக இருந்தாலும் பரவாயில்லை, பாம்பு கைநாட்டு கேட்காது என்று இருந்தானாம். பின்னால் அவனே சொன்னது இது.

வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. கூட்டம் கலைந்து கொஞ்சம் பேர் மிச்சம். செவ்வந்தி எழுந்தாள். வீட்டுக்குப் போய், ஓர் இடுப்பில் கண்ணகியும் மறு கையில் நடைவண்டியுமாக வந்தாள். கரும்பங்காட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே வண்டித்தடம் அளவுக்கு ஒரு கரை ஓடுகிறது. அதன் நடுவில் வண்டியை வைத்தாள், குழந்தையின் கையை அதில் வைத்தாள்.

"யோவ்! கேக்குதா?" குரல் காட்டின் அந்தக் கோடிக்குப் போனது. "நீ உள்ளயே குடித்தனம் பண்ணு. நான் வேலைக்குப் போறேன். புள்ள தோ வாய்க்கா கரையில நிக்குது. கயித்தப் புடிக்க ஆளு இல்ல. பாத்துக்க."

எல்லாரையும் பின்னால் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். தான் போவதுபோல் போய், சரிவில் சத்தமில்லாமல் வாய்க்காலுக்குள் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் கரைக்குக் கீழே குனிந்து, குழந்தைக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டாள். இது கரும்புக்குள் இருந்தவனுக்குத் தெரியாது. சுப்புராயன் மட்டும் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் கரைமேலேயே கொஞ்ச தூரத்தில் நின்றார்.

கண்ணகி வண்டியைத் தள்ளினாள். முன்சக்கரம் ஈரமண்ணில் புதைந்தது. இன்னும் பலமாகத் தள்ளினாள். வண்டி பக்கவாட்டில் திரும்பிச் சரிவில் வழுக்கி, கையை விட்டு நழுவி, தண்ணீரில் விழுந்தது. செவ்வந்தியின் தோளை உரசிக்கொண்டே போனது. அவள் அதைத் தொடவில்லை.

குழந்தை ஒன்றையும் பிடிக்காமல் நின்றது.

கரும்பு பிளந்தது. பாவாடை வெளியே வந்தான். அவனுக்கும் குழந்தைக்கும் நடுவே இருபதடி. கத்த வாயைத் திறந்தான், திறந்தபடியே நிறுத்தினான். கத்தினால் திடுக்கிடுவாள். ஓடினாலும் திடுக்கிடுவாள். இடது பக்கம் வாய்க்கால். நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடுங்கினான்.

கண்ணகி உட்காரவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள்: முகமெல்லாம் ரத்தமாக, கையை நீட்டி நடுங்கிக்கொண்டிருந்த அப்பன், ரொம்ப தூரம். அந்தப் பக்கம் பார்த்தாள்: காக்கிக் கால்சட்டை போட்ட இரண்டு கால்கள், பக்கத்தில். ஒரு காலை எடுத்து வைத்தாள். ஆடினாள். இன்னொரு காலை எடுத்து வைத்தாள்.

சுப்புராயன் தூக்கிவிடலாம் என்று குனிந்து ஒரு காலைப் பெயர்த்தார்.

"சார்!" என்றான் பாவாடை. அடித்தொண்டையிலிருந்து வந்தது அது. "கால அசைக்காதீங்க!"

சுப்புராயன் அப்படியே நின்றார். குனிந்த முதுகு குனிந்தபடி, நீட்டிய கை நீட்டியபடி.

மூன்று. நான்கு. நான்காவதில் இடுப்பு வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. தண்ணீருக்குள்ளிருந்து செவ்வந்தியின் கை மேலே வந்து, தொடாமல், காற்றில் நின்றது. ஐந்து. ஆறு. ஏழாவதை அடி என்று சொல்ல முடியாது, விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விழுந்த கை காக்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு நின்றாள்.

 வண்டி ஐந்து சக்கரமும் மேலே தெரிய, வாய்க்கால் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அப்படியே நில்லுங்க சார்" என்றான் பாவாடை.  "ஆடாதீங்க. நான் வரேன்."

அந்தக் காக்கிச் சட்டையை நோக்கி அவன் நடக்க ஆரம்பித்தான். ஓர் அடி வைத்தான். நின்றான். இன்னொரு அடி வைத்தான்.